அட்டையில்லாத நாவல்

டெலிபோன் அக்கா சீட்டில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பம்பாய் லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவதாக ஒருத்தி ஒட்டிக்கொள்ளலாம். அது அந்த ஊர் வழக்கம். பாதி உடம்புக்குப் பலகை கிடைக்கும், மீதி நடைபாதையில் தொங்கும். ஜன்னலோரம் காலியானாலும், நாங்கள் நகர்ந்து இடம் விட்டாலும், அவள் அந்த நாலாவது சீட்டை விட்டு வரமாட்டாள்.

"எனக்கு இது போதும்ளா. இறங்க லேசா இருக்கும்" என்பாள்.

அவள் இறங்குவது வி.டி.யில். வண்டியே அதற்குமேல் போகாது. எல்லோரையும் இறக்கிவிட்டுவிடும் கடைசி ஸ்டேஷனில் இறங்குவதற்கு என்ன லேசு வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டும் விட்டேன். சிரித்தாள். கேள்வி கேட்டால் சிரிப்பதுதான் அவள் பதில்.

அவள் பெயரை எழுத எனக்கு மனமில்லை. எழுதினாலும் ஒன்றும் தெரியாது. எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீட்டிலும் வைக்கக்கூடிய பெயர் அது. எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கிற வேலை என்பதால் எங்களுக்கு டெலிபோன் அக்கா. கல்யாணம் ஆகவில்லை. நாற்பதைத் தொடுகிற வயது. செம்பூரில் ஒரு சிந்திக்கார விதவையின் வீட்டில் ஓர் அறையில் இருந்தாள்.

எண்பதுகளின் நடுவில், செம்பூரிலிருந்து வி.டி. போகும் அந்தக் காலை வண்டியின் லேடீஸ் பெட்டியில் நாங்கள் ஐந்து பேர் ஒரு கூட்டம். பேங்க்கில் வேலை பார்த்த மாமியும் அக்காவும் நானும் செம்பூரில் ஏறுவோம். நானும் அக்கா மாதிரித் தெற்கத்திக்காரி, துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். குர்லாவில் நூர்ஜஹான் ஏறுவாள். பூர்வீகம் கடையநல்லூர், மஸ்ஜித் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வடாலாவில் செலின் ஏறுவாள். தூத்துக்குடிப் பக்கம் பெற்றோருக்கு, இவள் பம்பாயிலேயே பிறந்து நர்ஸானவள். நூர்ஜஹானுக்கும் செலினுக்கும் தமிழ் வாய் நிறைய வரும், எழுத்துதான் வராது. அதனால்தான் அக்காவின் கதைக்கு அத்தனை மவுசு.

மாதநாவல்களைப் படித்துவிட்டு வந்து சொல்வாள். கொலை, கொள்ளை, ஆள்கடத்தல், எல்லாம் மர்மக் கதைகள்தான். டிரங்க் கால் குரல் அவளுக்கு. கத்தவே மாட்டாள், ஆனால் தண்டவாளச் சத்தத்துக்கு மேலே ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும். கதவு தட்டப்படும், உள்ளே இருப்பவள் தாழ்ப்பாளில் கை வைப்பாள், அங்கே நிறுத்திவிட்டு, "மூணு நிமிஷம் ஆச்சு, லைன் கட்" என்பாள். மாமி தலையில் அடித்துக்கொள்வாள். வடாலாவில் ஏறுகிற செலினுக்குத் தினமும் முன்கதைச் சுருக்கம் வேறு சொல்லியாக வேண்டும். அதையும் முகம் சுளிக்காமல் சொல்வாள்.

இவள் யார், என்ன மதம் என்பது மட்டும் எங்களுக்குப் பிடிபடவில்லை. தசராவுக்கு முந்தின நாள் பெட்டிக்குத் தோரணம் கட்டி, படம் வைத்து, பூஜை போட்டுப் பேடா கொடுப்பார்கள். ஒரு வருஷம் மாமி குங்குமச் சிமிழை ஒவ்வொருத்தியிடமும் நீட்டிக்கொண்டே வந்தாள். நூர்ஜஹானையும் செலினையும் தாண்டி அக்காவிடம் வந்து, வேண்டுமென்றே நின்றாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அக்கா ஒரு விரலில் குங்குமத்தைத் தொட்டு, பக்கத்தில் இருந்த இரும்புக் கம்பியில் வைத்து, "நம்மளத் தினமும் சுமக்குதுல்லா, அதுக்கு வைக்கணும்" என்றாள். பெட்டியே சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது மாமி அடுத்த வரிசைக்குப் போயிருந்தாள்.

செலின் கொடுக்கிற கிறிஸ்துமஸ் கேக்கை, "எங்க வீட்டுக்காரம்மாவுக்கு உசுரு" என்று பொட்டலம் கட்டிக்கொள்வாள். பெருநாள் பிரியாணிக்கு வயிறு சரியிருக்காது. வேண்டாம் என்று சொன்னதும் இல்லை, சாப்பிட்டதும் இல்லை.

"மண்டையே வெடிச்சுடும் போல இருக்குடி" என்று மாமி என் காதில் சொல்வாள். "ஒரு மனுஷிக்கு இவ்வளவு கெட்டித்தனம் ஆகாது."

அந்த நாவலை அவள் எப்போது தொடங்கினாள் என்று நினைவில்லை. வெயில் காலம் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மாமி வழக்கம்போலத் தலைப்பைக் கேட்டாள்.

"அட்டை கிழிஞ்சு போச்சு. தலைப்பு தெரியல, எழுதுனது யாருன்னும் தெரியல."

தெற்கே ஒரு சின்ன ஊர். அதில் சில குடும்பங்கள் ஊரோடு சேர்ந்து கும்பிடுவதை விட்டுவிட்டு, ஒரு சைக்கிள் கடையின் பின்னறையில் கூடி, தங்கள் வழியில் கும்பிடத் தொடங்குகின்றன. விரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டம். முதலில் பால்காரன் வருவதில்லை. பிறகு சவரக்கடையில் அவர்களைக் கண்டதும் சீப்பை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். பிறகு ரேஷன் கடையில் அவர்கள் முறை வரும்போது மட்டும் சீனி தீர்ந்துபோகிறது. கிணற்றுப் பாதையில் முள் வெட்டிப் போட்டிருக்கிறது. யாரும் அடிக்கவில்லை, வெட்டவில்லை. அந்தக் காலத்து ராஜா கதைகளில் மதத்துக்காகக் கழுவில் ஏற்றுவார்களே, அப்படி எதுவும் இல்லை. "இது இப்பம் நடக்குற கதை. பேன்ட்டு சட்டை போட்டவங்க, பள்ளிக்கூடம் படிச்சவங்க. பேசாம இருந்தே கொல்லுவாங்க" என்றாள் அக்கா.

குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊரோடு திரும்பச் சேர்கின்றன. சில ராவோடு ராவாகக் காணாமல் போகின்றன. கடைசியில் சைக்கிள் கடைக்காரப் பையன் மட்டும் மிஞ்சுகிறான். கடையைக் கொளுத்துகிறார்கள். அவன் மேலேயே கேஸ் போடுகிறார்கள். ஒளிந்துகொள்கிறான். எங்கே ஒளிந்தாலும் மறுநாள் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. காட்டிக்கொடுப்பது யார்?

"எந்த மதம்கா அவங்க?" என்று செலின் கேட்டாள்.

"அத நாவல்ல சொல்லல."

"சொல்லாம எப்படி நாவல் எழுதுவான்?" என்றாள் மாமி.

"எழுதியிருக்கான். நான் என்ன செய்யட்டும்?"

சொல்லாததனால் ஒரு வேடிக்கை நடந்தது. மூன்று பேரும் அந்தப் பையனைத் தன் ஆள் என்றே எடுத்துக்கொண்டார்கள். நூர்ஜஹான் அவனுக்காக துஆ கேட்டாள். செலின் மாஹிம் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மாமி செம்பூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். அவனைத் துரத்துகிற ஊர்க்காரர்கள் மற்றவளுடைய ஆட்களாக இருக்குமோ என்று ஜாடையாக ஒருத்தியை ஒருத்தி சந்தேகப்படவும் செய்தார்கள். அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நாலாவது சீட்டில் ஆடிக்கொண்டிருந்தாள்.

சில நாள் கதை நகராது. கிணற்றைப் பற்றியும் வேப்ப மரத்தைப் பற்றியும் நீட்டி முழக்குவாள். "பையன் என்ன ஆனான், அதைச் சொல்லு" என்று மாமி ஒருநாள் அலுத்துக்கொண்டபோது, அக்கா களைப்பாக, "நேத்து லைன் கிடைக்கல" என்றாள்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாங்கள் நாலு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். டிரங்க் ஆபரேட்டர்களுக்குள் ஒரு சங்கிலி உண்டு. பம்பாய்க்காரி மெட்ராஸ்காரியைப் பிடிப்பாள், அவள் மதுரையை, மதுரை அந்த ஊர்ப் பக்கத்து எக்ஸ்சேஞ்சை. லைன் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற சாக்கில் ரெண்டு வார்த்தை சொந்தச் சேதி கேட்டுக்கொள்ளலாம். அக்காவே முன்பு பெருமையாகச் சொன்னதுதான். அன்றைக்கே எங்களுக்குப் புரிந்துபோயிற்று, அந்தப் பையன் அவள் தம்பி என்று. யாரும் வாய் திறக்கவில்லை. நாவலாக இருக்கும்வரைதான் அவளால் சொல்ல முடியும் என்பது, ஊர் வம்பு ஒன்றையும் விடாத மாமிக்குக்கூடத் தெரிந்திருந்தது. மறுநாள், "அப்புறம் உன் ஹீரோ என்ன பண்ணினான்?" என்றுதான் மாமி கேட்டாள். அன்று மாமியை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

காட்டிக்கொடுத்தது யார் என்பதை ஒரு சனிக்கிழமை சொன்னாள். நாங்கள் கதையில் வருகிற பையனின் பெரியப்பாவைச் சந்தேகப்பட்டிருந்தோம், தபால்காரரைச் சந்தேகப்பட்டிருந்தோம்.

"அம்மைதான்" என்றாள் அக்கா. "பயங்காட்டினா மகன் பழையபடி ஊரோட சேந்துருவான், தன்கிட்ட வந்துருவான்னு நினைச்சா. அவ அவனுக்குக் கெடுதல் செய்யணும்னு செய்யல."

நூர்ஜஹான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று அக்கா லைன் கட் என்று சொல்லவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டு, டிபன் பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக வி.டி. வரை வந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மனது கேட்காமல் அவள் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தபோது அவள் முகத்தில் முதலில் பயம்தான் தெரிந்தது. அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு தட்டு, ஒரு டம்ளர். டீயை எனக்கு டம்ளரில் கொடுத்துவிட்டு, தான் தூக்குவாளி மூடியில் ஊற்றிக் குடித்தாள். அந்த வீட்டுக்கு யாருமே வந்ததில்லை என்று அந்த மூடியைப் பார்த்தபோது தெரிந்தது. என் கண் சுவரில் அலைந்தது. ஒரு கம்பெனி காலண்டர், அதிலும் வெறும் மலை.

"தேடாத. இல்ல" என்றாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளோ சிரித்தாள். "எல்லாரும் தேடுவாங்க. எங்க போனாலும் முதல்ல சுவத்தைத்தான் பாப்பாங்க" என்று சொல்லி, மூடியில் மிச்சமிருந்த டீயைக் குடித்தாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். பக்கத்து அறையில் சிந்திக்காரம்மாள் கனைத்தாள், விருந்தாளி கிளம்பலாம் என்று அர்த்தம். கிளம்பிவிட்டேன். தெருமுனை திரும்பும்போது பார்த்தேன், அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பாவம், இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

மழை தொடங்கியபின் ஒருநாள், சிவ்ரி தாண்டி வண்டி நின்றுவிட்டது. மின்விசிறியும் நின்றது. வழக்கமாக அக்கா கதையை ரசித்துச் சொல்வாள். அன்று அவசரமாகச் சொன்னாள்.

"பையன் தப்பிச்சிட்டான். லாரியில மூட்டையோட மூட்டையா குண்டக்கல் வந்துட்டான். அங்கருந்து ரயிலு. தாதர்ல வந்து இறங்கப் போறான்."

"நம்ம தாதர்லயா?" செலின் கையைத் தட்டினாள்.

"அவனுக்கு இங்க ஒரு அக்கா இருக்கா. அவ இருக்குற எடத்துல ஆம்பள வரக்கூடாது. லாட்ஜ்ல பேரு ஊரு கேப்பான். அந்த ஊர்க்காரங்க தாராவியில இருக்காங்க, பாண்டுப்ல இருக்காங்க. ஒருத்தன் கண்ணுல பட்டாப் போதும், ஊருக்குச் சேதி போயிரும். ஒரு ரெண்டு மாசம் மறைஞ்சிருந்தான்னா, அதுக்குள்ள வேற ஊருல வேலை பாத்து அனுப்பிரலாம்." எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். "அதுவரைக்கும் அவன் எங்க இருப்பான்?"

அத்தனை நாளில் அவள் எங்களிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

நூர்ஜஹான்தான் முதலில் பேசினாள். "எங்க வீட்டு மாடியில ஒரு ரூம்பு சும்மாத்தான் கெடக்கு. எங்க மச்சான் தங்கமான ஆளு, சொன்னா விட்ருவாவ." கொஞ்சம் நிறுத்தினாள். "ஜமாஅத்துல கேப்பாவ. அவன் நம்ம ஆளுதானேக்கா?"

"எங்க ஃபாதர்ட்ட சொன்னா போதும்" என்றாள் செலின். "அனாதையா வாற பையங்களுக்குன்னே எடம் வச்சிருக்காரு. ஞானஸ்நானம் வாங்குன பையன்தானே?"

"எங்காத்துல பிள்ளை ரூம் காலியாத்தான் இருக்கு" என்றாள் மாமி. "அவன் மெட்ராஸ் போனதுலேர்ந்து பூட்டியே வெச்சிருக்கேன். ஒத்தரும் வரமாட்டா. ஆனா பூஜை ரூமை ஒட்டின்னா இருக்கு. ஏண்டிம்மா, இத்தனை மாசமாக் கேக்கறேன், அவன் யாருன்னு சொல்லிட்டா என்ன?"

மூன்று பேரும் மனதாரத்தான் சொன்னார்கள். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. யார் என்று மட்டும் தெரிந்துவிட்டால் அவர்களில் ஒருத்தி அன்றைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். அக்கா மூன்று முகங்களையும் பார்த்தாள்.

"அத நாவல்ல சொல்லல" என்றாள், மிகவும் மெதுவாக. வண்டி கிளம்பிவிட்டது.

எனக்கு வேலையே ஓடவில்லை. என் வீட்டில் ஒரே அறை, ஏழு பேர். ஆனால் என் கணவரின் அண்ணன் வாஷியில் புதிதாக ஃப்ளாட் வாங்கிப் போட்டிருந்தார். அப்போது அந்தப் பக்கம் ரயில் கிடையாது, பாலம் தாண்டி பஸ்ஸில்தான் போக வேண்டும். கட்டிடத்தில் பாதிக்கு மேல் ஆள் வரவில்லை. காவலுக்கு ஒருவன் இருந்தால் தேவலை என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் நேராக அவரிடம் போனேன்.

"யாரு பையன்?" என்றார்.

"எங்க ஊர்ப் பக்கம். படிச்ச பையன், சாது."

"நம்ம ஆளுதானே?"

"நம்ம ஆளுதான்" என்றேன். எனக்கு அது பொய்யாகவே படவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டார். சந்தோஷத்தில் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். 'அக்கா, நாவல்ல ஒரு டைப்பிஸ்ட் வாராளாம், அவகிட்ட ஒரு சாவி இருக்காம்' என்று தொடங்கலாம் என்று முடிவு செய்தேன்.

காலையில் செம்பூர் பிளாட்பாரத்தில் அவள் இல்லை. வண்டி நகரும்போதுதான் ஓடிவந்து ஏறினாள். உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கதை முடிஞ்சிருச்சு" என்றாள்.

"என்னடி முடிஞ்சது?"

"பையன் செத்துட்டான். குண்டக்கல் தாண்டி, ஓடுற வண்டியில வாசல்ல நின்னுருக்கான். விழுந்துட்டான்."

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். குர்லாவில் நூர்ஜஹான் ஏறினாள், அவளுக்கு ஒருமுறை சொன்னாள். வடாலாவில் செலின் ஏறினாள், அவளுக்கு முன்கதைச் சுருக்கம்போல அதே வார்த்தைகளை அதே குரலில் இன்னொரு முறை சொன்னாள். செலின் விம்மி அழுதாள். என் கைப்பைக்குள் சாவி இருந்தது. நான் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்தேன். அழுகைதான் வந்தது. அவள் தன் கர்ச்சீப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஏளா, நாவலுக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்றாள்.

அதன்பின் அவள் எங்கள் பெட்டிக்கு வரவில்லை. முதலில் வேறு பெட்டியில் போகிறாள் என்று நினைத்தோம். துக்கத்தில் இருப்பவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சில நாள் விட்டோம். பிறகு நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சிந்திக்காரம்மாள் கதவைப் பாதி திறந்து, காலி செய்துவிட்டுப் போய்விட்டாள், எங்கே என்று தெரியாது என்றாள். சாவியை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறு ஒருவனை வைத்துக்கொண்டார்.

மழை விட்டு, தீபாவளிக்கு முன்னால், தாதர் மார்க்கெட்டில் பாலத்தடியில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். எதிரே அவள் வந்தாள். கூட ஒரு பையன், ஒல்லியாக, தாடி விட்டு, ஒரு படுக்கைச் சுருட்டைத் தோளில் வைத்துக்கொண்டு. அவளுடைய நெற்றி, அவளுடைய மூக்கு. பார்த்ததுமே தெரிந்தது.

அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கண்ணில் இருந்த பயத்தை எனக்குத் தெரியும், அன்று கதவைத் திறந்தபோது பார்த்த அதே பயம். இந்த முறை அது என்னைப் பார்த்து.

"யாருக்கா அது?" என்று பையன் கேட்டான். அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு.

"தெரியல. வா" என்றாள்.

ஓடிப்போய், எனக்கு யாரென்று தெரிய வேண்டாம், நான் சாவி வாங்கி வைத்திருந்தேன் அக்கா, என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் எத்தனை ஊர்க்காரன் நின்றானோ. காய்க்காரனிடம் திரும்பி, "கிலோ கித்னா?" என்று கேட்டேன். அவன் சொன்ன விலை என் காதில் ஏறவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் யாரென்று கேட்ட மூன்று பேரோடு என்னையும் சேர்த்து, நாலு பேராகத்தான் அவள் கணக்கில் வைத்திருப்பாள். அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

மறுநாள் காலை வண்டியில் பேச்சு எப்படியோ அந்தக் கதைக்கு வந்தது.

"அந்தப் பையன் என் கண்ணுக்குள்ளயே நிக்கான்" என்றாள் செலின்.

"கடைசி வரைக்கும் அவன் யாருன்னு சொல்லவே இல்லையே அவ" என்றாள் மாமி.

"செத்தவன் யாரா இருந்தா என்ன மாமி?" என்றாள் நூர்ஜஹான். "உசுரோட மட்டும் வந்திருந்தான்னா, ஜமாஅத்தாவது ஒண்ணாவது, மாடி ரூம்ப நான் தொறந்து விட்டிருப்பேன்."

மாமி ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், நானும் ஏதாவது சொல்வேன் என்று.

"பாவம், செத்துட்டான்" என்றேன்.